மாஸ்டர் வந்தால்தான் பந்தயம்

“மாஸ்டர் இல்லாம நான் ஓட்ட மாட்டேன் லா!” என்று யுகேந்திரன் போனில் கத்தினான். கோப்பெங்கில் அவனுடைய முதல் மலை சைக்கிள் பந்தயம் தொடங்க அரை மணி நேரமே இருந்தது.

“மூணு மாசம் எஸ்டேட் மேட்டுல உங்கள வெரட்டி வெரட்டி ஏத்துனவரு, வேன்ல ஏற மாட்டேங்கிறாரு. எப்படியாவது கூட்டிட்டு வாரேன்,” என்றாள் மனைவி குமுதா.

வேன் வந்து நின்றது. கதவு திறந்ததும் மாஸ்டர் குதித்தார். வாலை நிமிர்த்தி, பல்லைக் காட்டிக் குரைத்தார். விசில் ஊதியதும் மற்ற முப்பது பேரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறந்தார்கள்.

யுகேந்திரன் கடைசியாக வந்தான்.

“அவர எப்படி வேன்ல ஏத்துன?”

“உங்க பழைய ஜெர்சிய விரிச்சு, அதுல ஆட்டுக்கறி வச்சேன்.”

“அதான் லா! என் வாடைனாலே கறின்னு நெனச்சு, என்னைய நக்கிட்டு விட்டுட்டாரு. மத்த எல்லாரையும் தொரத்திட்டாரு!”