ஜாக் சுத்தத் தெரியாதவர்

"என்னங்க, அங்க போகாதீங்க. உங்க வேலையைப் பாருங்க" என்றாள் என் மனைவி ரோன்டா.

எப்படிப் போகாமல் இருப்பது? ஏரிக்கரை முகாமில் எங்கள் வண்டிக்கு எதிர் இடத்தில் முப்பத்தைந்து அடி நீள டிரெய்லர் வீட்டை நிறுத்திவிட்டு, ஒரு பெரியவர் அது ஆடாமல் இருக்க முட்டுக் கொடுக்கும் மூலை ஜாக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கீழே இறக்குவார். அப்புறம் கைப்பிடியைத் தலைகீழாகச் சுற்றி, இறக்கினதை மேலே ஏற்றிவிடுவார். பதினைந்து நிமிஷமாக இதே கூத்து. ஜாக் இன்னும் தரையையே தொடவில்லை.

இந்தக் காலத்தில் காசு இருந்தால் யார் வேண்டுமானாலும் வண்டி வாங்கிவிடுகிறார்கள்!

"ஐயா, அந்தப் பக்கம் சுத்தக் கூடாது!" என்று கத்திக்கொண்டே போனேன்.

"அப்படியா?" என்றார் அவர், அப்பாவியாக. "என் பேர் வெர்னன். அவ என் வீட்டுக்காரி, ஆர்டிஸ்."

ஆர்டிஸ் மடக்கு நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையை மட்டும் அசைத்தார்.

வெர்னன் குரலைத் தணித்தார். "டுலூத்ல வீட்டை வித்துட்டு, இனிமே இந்த வண்டிதான்னு கிளம்பிட்டோம். அவளுக்கு ஒட்டவே இல்ல. ஞாயித்துக்கிழமைக்குள்ள பிடிக்கலேன்னா, வண்டியைத் தள்ளிவிட்டுட்டு ஊருக்கே திரும்பிடணும்னு கண்டிஷனா சொல்லிட்டா."

"வண்டி ஆடுதுல்ல, அதான்!" என்றேன். "நடந்தா ஆடும், புரண்டு படுத்தா ஆடும். யாருக்குப் பிடிக்கும்? கவலையை விடுங்க. நல்ல ஜாக்கா மாட்டினா பாறை மாதிரி நிக்கும்."

"எதை மாட்டலாம்னு நீங்களே சொல்லுங்களேன்."

என்னிடம் யோசனை கேட்கிறார்! என் வீட்டில் முப்பது வருஷமாக ஒருத்தரும் கேட்டதில்லை. விடுவேனா?

"இவ்வளவு கனத்துக்கு வெறும் மூலை ஜாக் பத்தாது. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல முட்டுக் கொடுக்கணும். இல்லேன்னா பேசாம பட்டன் ஜாக் போட்டுடுங்க. பட்டனை அமுக்கினா நாலு காலும் தானா இறங்கி, தானா மட்டம் பார்த்துக்கும்."

"பட்டனா?" பக்கத்து இடத்து கிளைட், ஜாக்குக்கு அடியில் வைக்கிற பலகையோடு வந்துவிட்டான். "நடுக்காட்டுல மோட்டார் மக்கர் பண்ணா என்ன பண்ணுவாரு? கையால சுத்துறதுதான் நம்பகம்."

"நீ சும்மா இரு. போன வாரம் உன் வண்டி குதிரை மாதிரி குதிச்சுது."

"ஜாக்கால இல்ல, அது என் பொண்டாட்டி கோபத்துல நடந்ததால!"

அவன் பொண்டாட்டி அவனைத் தேடிக்கொண்டு வந்தாள். என்னைத் தேடிக்கொண்டு ரோன்டா வந்தாள், சுட்ட கேக் தட்டோடு. இன்னும் ரெண்டு மூணு பேர் வந்தார்கள். ஆளுக்கொரு யோசனை. நானும் கிளைட்டும் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, ஒரே கைப்பிடியை ஆளுக்கொரு பக்கம் இழுத்ததைப் பார்த்து ஆர்டிஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"எல்லாருக்கும் காபி போடட்டுமா?" என்று எழுந்தவர், மூன்று தடவை போட்டார்.

கடைசியில் நான்தான் ஜெயித்தேன். பட்டன் ஜாக்! அளவெடுக்க வரும்படி எனக்குத் தெரிந்த மெக்கானிக் கிரேட்டாவுக்கு போன் போட்டேன். மத்தியானம் வந்தாள். வேனைவிட்டு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"வெர்னன் சார்! நீங்களா?"

எங்கள் பக்கம் திரும்பினாள். "இவருக்கா ஜாக் பத்திப் பாடம் எடுத்தீங்க? நான் டுலூத்ல வேலை பார்த்த பட்டறையில இருபத்தேழு வருஷம் இவர்தான் தலைமை மெக்கானிக். இவர் மாட்டாத ஜாக்கே கிடையாது!"

எனக்கு அசடு வழிந்தது. கிளைட் இருமினான்.

"அப்போ காலையில தலைகீழா சுத்தினது?" என்றேன். கோபம் வந்தது, மறைப்பானேன்.

வெர்னன் மேஜைப் பக்கம் பார்த்தார். அங்கே ரோன்டா கேக் செய்முறை சொல்ல, ஆர்டிஸ் எழுதிக்கொண்டிருந்தார். நடுநடுவே, புதன்கிழமை யார் வண்டியில் சீட்டாட்டம் என்று கிளைட்டின் மனைவியோடும் அவருக்குப் பேச்சு.

"கோவிச்சுக்காதீங்க. வண்டி ஆடறது அவளுக்குப் பெரிய விஷயமே இல்ல. ஊர்ல தெரு முழுக்க அவளுக்குத் தெரிஞ்சவங்க. இங்க பேச ஒரு ஆள் இல்ல. போன முகாம்ல அஞ்சே நிமிஷத்துல சுத்தமா வண்டியை நிறுத்தினேன். பத்து நாள் இருந்தோம். ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கல."



"சார், பட்டன் ஜாக் மாட்டட்டுமா, வேண்டாமா?" என்றாள் கிரேட்டா.

"வேண்டாம்மா. அடுத்த ஊர்லயும் எனக்குச் சுத்தத் தெரியாம இருக்கணுமே!"

எல்லாரும் சிரித்தோம். எங்கள் வண்டிக்குத் திரும்புகிற வரைக்கும் நான் சிரித்துக்கொண்டேதான் வந்தேன். வண்டிப் படியில் கால் வைக்கும்போது ரோன்டா கேட்டாள்.

"ஏங்க, போன வருஷம் எதிர்ல அதே இடத்துல மூணு வாரம் ஒருத்தர் தனியா இருந்தாரே, அவர் பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை.

அவர் வண்டியை நிறுத்தியதில் ஒரு தப்பும் இல்லை. அதனால் நான் அந்தப் பக்கமே போகவில்லை.