பேட்டரி பிறந்த குன்று

ஒரு குன்றின் வயிற்றில் லித்தியம் இருப்பது தெரிந்ததும், பேட்டரியில் ஓடும் பொக்லைன் ஒன்று அடிவாரத்தில் வந்து நின்றது.

"நாட்டுக்கே உன் கல் தேவைப்படுது. வழி விடு," என்றது.

"தாராளமா எடுத்துக்கோ. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. உன் பேட்டரிக்கு லித்தியம் கொடுத்த குன்று இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டது குன்று.

பொக்லைனுக்குத் தெரியவில்லை. அதுவரை வாயே திறக்காத பேட்டரி உள்ளேயிருந்து பேசியது.

"நான் பிறந்த குன்றா? அங்கே இப்ப பெரிய பள்ளம்தான் இருக்கு. மேல்மண்ணையெல்லாம் ஓடையில தள்ளிட்டாங்க. புல்கூட முளைக்கலை."

பொக்லைன் தூக்கிய கையை மெல்ல இறக்கியது. "அப்ப நான் திரும்பிப் போகவா?"

"யாரு போகச் சொன்னா?" என்றது குன்று. "மேல்மண்ணை முதல்ல எடுத்து, ஓடையில விழாம தனியாக் குவி. கல் எடுத்த இடத்தை அதே மண்ணால மூடிட்டு அடுத்த இடத்துல கை வை."

"இவ்வளவு மெதுவாவா?"

"ஆமா. என் லித்தியத்துல ஓடுற பொக்லைன் நாளைக்கு இன்னொரு குன்றுக்குப் போகும். அந்தக் குன்றும் என்னைப் பத்தி விசாரிக்கும். அப்பவும் நான் இங்கேதான் நிப்பேன்."