மிச்சம் விட்ட கல்

எல்லைப் போரில் வென்று ரோமாபுரி திரும்பிய தளபதி வெரானியஸ், நகரச் சதுக்கத்தில் நிற்கப்போகும் தன் சிலையைப் பார்க்கச் சிற்பி நிகானின் பட்டறைக்கு வந்தார். சிலை புதிதல்ல. போன தளபதியின் சிலையில் முகத்தை மட்டும் மாற்றிச் செதுக்கியிருந்தார் நிகான். அங்கே அதுதான் வழக்கம். போன தளபதியைப் பேரரசர் விருந்துக்கு அழைத்த அன்று, கதவுக்குப் பின்னால் வாளோடு நின்றவர் வெரானியஸ்.

"காது இன்னும் அவனோடதாவே இருக்கே?"

"அங்க கல்லு மெலிசுங்க. உளி வச்சா உடைஞ்சிடும்."

வெரானியஸ் கல்முகத்தைத் தடவிப் பார்த்தார். மூக்கும் தாடையும் அளவுக்கு மீறிப் புடைத்திருந்தன.

"என் மூக்கு இவ்வளவு பெரிசா?"

"இல்லீங்க." நிகான் உளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கொஞ்சம் கல்லு மிச்சம் விட்டிருக்கேன். இந்தத் தடவை அப்படி விடச் சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க?"

நிகான் பதில் சொல்வதற்குள் வாசலில் குதிரை வந்து நின்றது. வெரானியஸின் துணைத்தளபதி உள்ளே வந்து வணங்கினான்.

"பேரரசர் உங்களை விருந்துக்கு அழைச்சிட்டு வரச் சொன்னாருங்க."

நிகான் மெல்ல நிமிர்ந்தார். வந்தவனின் மூக்கையும் தாடையையும் கண்ணாலேயே அளந்தார். காதை அவர் பார்க்கவில்லை.