இடப்பக்க வரிசை

கம்ப்யூட்டர் திரையில் தக்காளித் தோட்டம் முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களாக விரிந்தது. ஒரு செடிக்கு ஒரு கட்டம். ஓங்கி வளர்ந்த செடி கரும்பச்சை. குள்ளச் செடி மஞ்சள். மணிவண்ணன் எழுதிய புரோகிராம் அப்படித்தான் வண்ணம் பூசும்.

அத்தனை பச்சைக்கும் நடுவே ஒரே ஒரு மஞ்சள் கோடு. முன்வாசலில் தொடங்கிப் பின்வாசல் வரை, ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல.

படத்தை அனுப்பிய ஐந்தாவது நிமிடம் மேனேஜர் அரிகரன் போனில் வந்தார்.

“இன்னாபா இது மஞ்சக் கோடு? நாப்பத்தெட்டு செடி. சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லு. இல்லன்னா நோயின்னு வச்சிக்கிட்டுப் புடுங்கிப் போட்டுடு.”

திருவாண்டார்கோயிலைத் தாண்டி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருந்தது அந்த விதைக் கம்பெனியின் பசுமைக்குடில். வேலைக்கு இப்போது அவன் ஒருவன்தான். நாற்பத்தெட்டும் அவன் கையால் நட்டவை. பிடுங்குவதானாலும் அவன்தான் பிடுங்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கைப் பார்த்தான். எல்லா வரிசைக்கும் ஒரே அளவு. உரம், வெயில், சூடு எதிலும் குறையில்லை. குடிலுக்குள் தொங்கும் கேமராக்களின் படங்களைப் பெரிதாக்கி இலை இலையாகத் தேடினான். ஒரு பூச்சி இல்லை, ஒரு புள்ளி இல்லை.

பிறகு வண்ணப் படத்தை நாள்வாரியாக ஓடவிட்டான். ஜனவரி மூன்று வரை குடில் முழுக்க ஒரே பச்சை. அடுத்த வாரம் அந்த ஒரு வரிசை லேசாக வெளுத்தது. அப்புறம் வாரா வாரம் வெளுத்துக்கொண்டே போனது.

மணி ஒன்று. டிபன் பாக்ஸைத் திறந்தவன், நெற்றி வியர்வையை இடக்கையால் துடைத்தான்.

குப்பென்று தக்காளி இலை வாசம்.

வலக்கையை முகர்ந்தான். ஒன்றுமில்லை. இடது உள்ளங்கையின் ரேகைகளில் மட்டும் பச்சைக் கறை ஏறியிருந்தது.

ஓயாமல் தொட்டுக்கொண்டிருந்தால் செடி உயராது, குறுகிவிடும். விவசாயம் படித்தவனுக்கு இது தெரியாத விஷயமில்லை.

பூச்சி பரவக் கூடாதென்று முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறுவதுதான் அங்கே வழக்கம். வலக்கையில் டேப்லெட் இருக்கும். இடக்கை சும்மா. சொட்டுநீர்க் குழாய்களைப் பார்க்க ஒரு நாளைக்கு ஒரு தடவை போனால் போதும். அவன் ஏழெட்டுத் தடவை போய்க்கொண்டிருந்தான்.

முன்பெல்லாம் அந்த இடப்பக்கத்தில் கஸ்தூரி நடந்து வருவாள். மதகடிப்பட்டிலிருந்து வேலைக்கு வந்து, ஒவ்வொரு செடியையும் குச்சி வைத்து அளந்து சொல்பவள்.

“நாப்பத்திரண்டு சென்டி. எம் மாமியாரு நாக்கு இத்த வுட நீளம், அதயும் எழுதிக்க சார்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் நாற்பத்திரண்டை மட்டும் எழுதுவான்.

நோய் என்று ஒரு வார்த்தை அனுப்பினால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. செடிகள் போகும். அவன் வழக்கம்போல நடந்துகொண்டிருக்கலாம்.

சாப்பாடு ஆறிப்போனது. நாலு மணிக்கு டைப் செய்தான்: ‘நோய் இல்லை சார். நான்தான் தொட்டுத் தொட்டுக் கெடுத்திருக்கிறேன். பிடுங்க வேண்டாம்.’

உடனே பதில் வந்தது, குரலாக.

“சரிபா, வுட்டுடு. நாளைலேர்ந்து உள்ள போவ வேணாம். கேமராவே பாத்துக்கும்.”

மணிவண்ணன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

ஜனவரி மூன்றாம் தேதி சாயங்காலம், அளவுக் குச்சியைத் துடைத்து ஆணியில் மாட்டிக்கொண்டிருந்த கஸ்தூரியிடம் இதே வார்த்தைகளைச் சொன்னவன் அவன்தான்.