ஷெர்னெல் திருப்பிய குமிழ்கள்

போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கலிப்ஸோ பாட்டுக் கச்சேரிக் கொட்டகை, ஒத்திகை நேரம். தகரக் கூரை இடுக்குகளில் இறங்கும் மாலை வெயில் ஒலி மிக்ஸரின் குமிழ்கள்மேல் மினுங்குகிறது; அதன்முன் புதிதாக உட்கார்ந்திருக்கிறாள் ஷெர்னெல். "நேத்து வரைக்கும் கேபிள் சுத்தினவ, யூலாலி ஆன்ட்டி. பிடிக்கலைன்னா சொல்லுங்க, பழைய ஆளையே உக்கார வச்சுடறேன்," என்கிறார் மேலாளர் பாய்ஸி, மேடையில் நிற்கும் பாடகியிடம். ஷெர்னெல் மேடையேறி, ட்ரம்பெட்டுகள் முழங்க, பாடகியின் இடத்தில் நின்று, குள்ளமான யூலாலியின் காது உயரத்துக்குக் குனிகிறாள். "இங்க ட்ரம்பெட் மட்டுந்தான் ஆன்ட்டி கேக்குது!" "அதைத்தானே காலங்காலமா சொல்றேன்? இன்னும் சத்தமாப் பாடுங்கன்னானுங்க!" ஷெர்னெல் ஓடிப்போய், பாடகியின் பக்கம் திரும்பிய ஒலிபெருக்கிக்கான இரண்டு குமிழ்களை மெல்லத் திருப்புகிறாள். யூலாலி பாடத் தொடங்கி, முதல் அடியிலேயே நிறுத்திவிடுகிறாள். ட்ரம்பெட்டுகள் தடுமாறி ஓய்கின்றன. ஷெர்னெலின் விரல்கள் அந்தரத்தில் நிற்கின்றன. "பிடிக்கலையா?" பாய்ஸி எழுந்தேவிடுகிறார். "உக்காரு பாய்ஸி. என் குரல் எனக்கே கேட்டுச்சு, திகைச்சுப் போயிட்டேன். பொண்ணே, அதை அப்படியே வை. யாரையும் தொட விட்டுடாதே."