நீங்கள் கேட்டபடி

அன்று காலையில் சூசை முருங்கைக்காய்க் கட்டுகளைப் புது பிக்கப்பில் ஏற்றிக்கொண்டிருந்தான். வண்டி வழக்கம்போல அவன் மனைவி ரெஜினாவிடம் ஒரு கேள்வி கேட்டது. அந்த வகை வண்டியை வாங்கியவர்களில் பெரும்பாலோர் எந்த மாற்றத்தைக் கேட்கிறார்களோ, அது மதியத்துக்குள் எல்லா வண்டிகளுக்கும் வந்துவிடும்.

"பின்னால ஆள் ஏறினா வண்டி நகரக்கூடாதான்னு கேக்குது. ஆமான்னு போடப்போறேன். உங்க அக்கா கூட்டம் திருவிழாவுக்குத் திருவிழா ஏறி மிதிச்சே இந்த பெயின்ட்டையும் தேய்ச்சிரும்."

"போடு, போடு. அப்புறம் அக்காவை நீதான் இடுப்புல தூக்கிட்டுப் போவணும்" என்று சூசை சிரித்தான். ரெஜினாவும் சிரித்துக்கொண்டே வண்டியின் திரையில் 'ஆம்' என்பதைத் தொட்டாள்.

மதியத்துக்கு மேல் சந்தையிலிருந்து திரும்பியவன் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். நெட்டை உடம்பு, முன் இருக்கையில் மடக்கி உட்காரவைக்க முடியவில்லை. அக்கா லூர்துமேரியும் ரெஜினாவும் அவனைத் தூக்கிப் பின்னால் கிடத்தினார்கள். ரெஜினா ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினாள்.

"பின்னால் ஆள் இருக்கிறார். நீங்கள் கேட்டபடி வண்டி நகராது" என்றது அது, மரியாதையாக.

"எந்தப் பாவி கேட்டான் இதை?" தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு லூர்துமேரி தகரத்தில் அறைந்தாள்.

ஊரிலிருந்து வேறு வண்டி வருவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

அடக்கத்தன்றும் அவள் அதையே கேட்டாள். முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்களிடமும் கேட்டாள். ஒவ்வொரு முறையும் ரெஜினா காப்பி போடுவதற்கென்று எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

இப்போது லூர்துமேரி திருவிழாவுக்கு பஸ்ஸில் போகிறாள். பிக்கப்பின் பின்புறம் வாங்கிய அன்று இருந்தது போலவே இருக்கிறது. பெயின்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை.