அணில் திருப்பிய திருகு

குன்றின் மேல் ஓர் இயந்திரம் இருந்தது. மேகங்களைப் பார்த்துப் பார்த்து, மழை வருமா வராதா என்று சொல்லக் கற்றுக்கொள்ளும். எவ்வளவு வேகமாகக் கற்க வேண்டும் என்பதை அதன் வயிற்றிலிருந்த திருகு முடிவு செய்யும். திருகை எந்த இடத்தில் வைப்பது என்றுதான் யாருக்கும் தெரியாது.

சரியான இடம் தேடி, அங்கிருந்த அணில் ஒன்று அதைக் கொஞ்சம் திருப்பும். பிறகு வாலில் தலை வைத்துப் படுத்து, மேகமெல்லாம் கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருக்கும். பதில் தப்பாக வந்தால் மறுபடி திருப்பும்.

கீழே பள்ளத்தில் முட்டைகளோடு இருந்த எறும்புக்குப் பொறுக்கவில்லை.

"அணிலண்ணே, இப்படியே போனா என் பிள்ளைங்க பொரிஞ்சு கல்யாணமே ஆயிடும். அது ஆரம்பத்துலயே உளறினா, மேகம் போறவரைக்கும் காத்திருக்காம உடனே திருப்பிடேன்!"

நல்ல யோசனைதான், பொய் சொல்லக்கூடாது. வேலை பறந்தது. ஒரு மேகம் வருவதற்குள் திருகு பல இடம் மாறியது. ஓரிடத்தில் இயந்திரம் தூக்கத்தில் பேசுவதுபோல், "காத்து... கொஞ்சம்... ஈரமா..." என்று இழுத்தது.

"இது தேறாது," என்றது எறும்பு. அணில் திருப்பியது.

அடுத்த இடத்தில், "மழை வராது!" என்று பளிச்சென்று பதில் வந்தது.

"பாத்தியா, இதுதான்!" எறும்பு முட்டைகளைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனது.

வானம் மெதுவாகக் கீழே இறங்கியது. பள்ளம் நிறைந்தது. முட்டைகள் குட்டி நிலாக்களாக மிதந்து போக, எறும்பு பின்னாலேயே நீந்தியது.

அணில் நனைந்த கையால் திருகை, இயந்திரம் இழுத்து இழுத்துப் பேசிய அந்தப் பழைய இடத்துக்குத் திருப்பியது.

"...இருக்கு," என்றது இயந்திரம். "அதனால மழை வரும். முட்டைய மேல ஏத்திடுங்க."